மணி பார்க்கத் தெரிந்த நாய்

அன்புள்ள வாசக நண்பருக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பதாகவும், கண்ணில் படும் விலங்கு, பறவைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் "வேற வேலை இல்லையா?" என்று சிலர் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இதெல்லாம் வெட்டி வேலையா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. தொடர்ந்து அனுப்புங்கள். ஆனால் ஒவ்வொரு படத்தோடும் "இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் வைத்தே இதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் படத்தில், கேன்டீன் பின்வாசலில் ஒரு செவலை நாய். ஒரு காது மடிந்திருக்கிறது. கண் கதவைவிட்டு நகரவில்லை. "மணி பார்க்கத் தெரிந்த நாய். சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னாடியே வந்துவிடும்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். இதைப் படித்ததும் ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு குதிரை நினைவுக்கு வந்தது.

ஹான்ஸ் என்ற அந்தக் குதிரை பெர்லினில் கணக்குப் போட்டது. அதன் சொந்தக்காரர் வான் ஓஸ்டன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால், குளம்பால் ஏழு முறை தட்டிவிட்டு நிறுத்தும். 1904இல் ஒரு குழு கூடி ஆராய்ந்தது. ஏமாற்று வேலை எதுவும் தென்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் எளிமையான ஒன்றைச் செய்து பார்த்தார். விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தார்; குதிரை திணறியது. கேட்பவர் குதிரையின் கண்ணில் படாதபடி மறைந்து நின்றாலும் திணறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு நிமிர்கிறது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. 1907இல் ஃபுங்ஸ்ட் இதை நூலாகவே எழுதினார்.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்பதோடு இந்தக் கதையைப் பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் வியப்பே தொடங்குகிறது. கூடி நின்ற அறிஞர்கள் யார் கண்ணிலும் படாத ஒரு தலையசைவு அந்தக் குதிரையின் கண்ணில் பட்டிருக்கிறது! கணக்குப் போடும் குதிரையைவிட மனிதரின் உடம்பைப் படிக்கும் குதிரை எனக்குப் பெரிய அதிசயம்.

உங்கள் செவலையையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். வார விடுமுறையன்று வருகிறதா? சாப்பாடு தாமதமாகும் நாளில் வழக்கமான நேரத்துக்கு வருகிறதா, அல்லது அதுவும் தாமதமாக வருகிறதா? சாம்பார் அண்டா இறங்கும் சத்தத்துக்கு எழுந்து வருகிறதா, செக்யூரிட்டி நாற்காலியை விட்டு எழுவதைப் பார்த்து வருகிறதா? நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டே வாருங்கள். விடை எதுவானாலும் அது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு.

தெருநாயை இப்படி மதித்துக் கவனித்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் அவர் குழுவினரும் பல ஊர்த் தெருநாய்களிடம் ஒரு சோதனை நடத்தி, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூடிய இரண்டு கிண்ணங்கள், ஒன்றில்தான் தீனி. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டுவார். ஏறக்குறைய பாதி நாய்கள் பயந்துகொண்டு கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. எந்தப் பயிற்சியும் இல்லாத நாய்கள் இவை. வராமல் ஒதுங்கியவை முன்பு மனிதரிடம் அடிபட்டவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கை நீட்டினால் சோறா கல்லா என்று யோசிக்கும் அளவுக்கு நாம் அவற்றுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அடுத்த முறை செவலையின் படத்தைப் போடும்போது இதையும் எழுதுங்கள். கல்லெறியும் கை ஒன்றாவது தயங்கும்.

இரண்டாவது படம் பழவேற்காட்டுப் பூநாரைகள். "தலைகீழாகச் சாப்பிடும் பறவை" என்று சிரிப்புப் படத்தோடு போட்டிருந்தீர்கள். அந்தத் தலைகீழ் வேலையில் பெரிய நுட்பம் இருக்கிறது. அலகைக் கவிழ்த்து நீருக்குள் விட்டு, நாக்கால் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு சின்ன இறால் வகைகளையும் பாசியையும் வடிகட்டி வைத்துக்கொள்ளும். சிலி பூநாரைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2025இல் இன்னொன்றையும் காட்டியது. அவை காலால் சேற்றை மிதித்துக் கிளறுகின்றன. தலையை வெடுக்கென்று மேலே இழுத்து நீருக்குள் சுழல் உண்டாக்குகின்றன. அந்தச் சுழலில் இரை சிக்குகிறது. தலைகீழாகச் சாப்பிடும் பறவை என்று நாம் பார்த்துச் சிரித்தது, தண்ணீருக்கடியில் குட்டிச் சூறாவளி கிளப்பி இரை பிடிக்கிறது!

ஒன்று சொல்ல வேண்டும். பூநாரைக் கூட்டம் ஒருசேர எழுந்து பறக்கும் வீடியோவுக்காகப் படகை அருகில் விரட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வலசை வரும் பறவை மேய்ந்து உடம்பு தேற்றிக்கொள்ள வரும் இடம் அது. விரட்டி எடுத்த படத்தை யார் அனுப்பினாலும் நீங்கள் மேலே அனுப்பாதீர்கள்.

மூன்றாவது படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, மன்னியுங்கள். திருத்தணி மலைப்படியில் பல்லெல்லாம் தெரிய "சிரிக்கும்" குரங்கு. குரங்கு உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டினால் பெரும்பாலும் அது அச்சம், இல்லாவிட்டால் பணிவு. படத்தின் ஓரத்தில், அதன் முகத்துக்கு வெகு அருகே ஒருவர் செல்போனை நீட்டியிருப்பது தெரிகிறது. அதற்குத்தான் அந்தப் பல். குரங்கின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேறு கதை தருகிறேன். பந்திப்பூரில் நாட்டுக் குரங்குகள் மனிதருக்கு எதிரே நின்று, கையை நீட்டி, தனியொரு குரல் கொடுத்துத் தின்பண்டம் கேட்பதை பெங்களூரு ஆய்வாளர்கள் 2018இல் பதிவு செய்தார்கள். ஆளின் முகம் தன் பக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுமாம். அந்தப் பழக்கம் வந்தது நாம் தின்பண்டம் கொடுத்ததால். கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு பையைப் பிடுங்குகிறது என்று கம்பெடுப்பதும் நாம்தான்.

விலங்குப் படமும் கதையும் வெட்டி வேலை என்பவர்களிடம் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, அணில், காகம் போன்ற வீட்டோர உயிர்களைப் பற்றியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் மறையும்வரை எழுதினார். நேரில் பார்த்ததை எழுதினார். அதனால்தான் அவர் எழுத்து இன்றும் செல்லுபடியாகிறது.

உங்களுக்கும் அதே வழிதான். ஊர் பேர் இல்லாமல் வரும் வீடியோக்களில் கணினியே உருவாக்கியவை இப்போது நிறைய. அவற்றை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நீங்களே எடுத்த படத்தின் கீழே இடம், நாள், நேரம், விலங்கு என்ன செய்தது என்ற நான்கையும் எழுதுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். தொழிற்பேட்டை மின்கம்பியில் உட்காரும் கரிச்சானுக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு.

உங்கள் லைனில் பீகார், ஒடிசாக்காரர்கள் நிறைய என்று எழுதியிருந்தீர்கள். அவர்களையும் குழுவில் சேருங்கள். இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி ஒடிசாவின் சிலிகா. அடுத்தது உங்கள் பழவேற்காடு. சிலிகாவுக்கும் பூநாரை வருகிறது. அங்கே ஐராவதி டால்பின்களும் வாழ்கின்றன. ஒடிசாக்காரர் ஒருவரிடம் உங்கள் பூநாரைப் படத்தைக் காட்டி, அவர் ஊரில் இது என்ன செய்யும் என்று கேளுங்கள். மொழி தடுமாறினாலும் அந்தப் பேச்சு நிற்காது. அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்