இன்னொரு புதுச் செயலி: சேர்வதா, வேண்டாமா?

“அண்ணே, புது ஆப் ஒன்னு வந்திருக்கு. எல்லாரும் சேர்ந்துட்டாங்க, நீங்க இன்னும் வரலையா?”

இப்படி ஓர் அழைப்பு அடிக்கடி வருகிறது. ‘எல்லாரும்’னா யாருப்பா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று பேர்தான் இருப்பார்கள்!

இளையோரே, சேரவே கூடாது என்பதல்ல இந்தப் பாடம். உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறோம். வெளியே வரும் வாசல் எங்கே என்று பார்ப்பதில்லை. திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்தின் முதல் குறளைப் படித்துப் பாருங்கள். வள்ளுவர் வரவுக்கு முன்னால் இழப்பைத்தான் வைக்கிறார்.

பிரெண்ட்ஸ்டர் கதையை உங்கள் வீட்டு அண்ணன், அக்காவிடம் கேளுங்கள். 2002இல் தொடங்கிய அந்தத் தளம் நம் வட்டாரத்தில் சக்கைப்போடு போட்டது. 2009இல் மலேசிய நிறுவனமான எம்.ஓ.எல். அதை வாங்கியது. 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது, பழைய படங்களும் செய்திகளும் அழிக்கப்படும், வேண்டியவர்கள் மே 31க்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. பழைய மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காதவர்களுக்கு அது எப்படித் தெரியும்? 2015இல் தளமே நின்றுபோனது. பெரிய நிறுவனம் என்றால் நிலைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் பிளஸ் 2011இல் வந்தது, 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

வாசலே இல்லாத கதையும் உண்டு. 2023 ஜூலையில் வந்த திரெட்ஸில் ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தார்கள். ஆனால், அந்தக் கணக்கை நீக்க வேண்டுமானால் இன்ஸ்டாகிராம் கணக்கையும் சேர்த்தே நீக்கும்படி முதலில் வைத்திருந்தார்கள். தனியாக நீக்கும் வசதி நவம்பரில்தான் வந்தது. அவசரமாக உள்ளே போனவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

அடுத்து, ‘தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி’ என்று கேட்கும் பொத்தான். அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் எண் மட்டும் இல்லையே. அத்தையின் எண், ஆசிரியரின் எண், தேவார வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவர்களைக் கேட்டா கொடுக்கிறோம்? வேண்டாம் என்று அழுத்தினாலும் பல செயலிகள் வேலை செய்யும். செய்யாவிட்டால், அதுவே உங்களுக்குப் பதில்.

இயக்கத்துக்காகச் சேர்வது வேறு கணக்கு. புலனக் குழுவை விட்டுவிட்டுப் புதுச் செயலிக்கு மாறலாம் என்று செயலவையில் யாராவது சொல்வார்கள். பழைய கைப்பேசியில் இடம் இல்லாத தம்பி அங்கே வர மாட்டான். கோத்தோங் ரோயோங் எத்தனை மணிக்கு என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு முறை தவறவிட்டால் மூன்றாம் முறை அவன் கூப்பிட்டாலும் வர மாட்டான். நமக்கு இதுதான் பெரிய இழப்பு. மாறத்தான் வேண்டும் என்றால், பழைய குழுவிலும் அறிவிப்பைப் போட ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஒரு வேலை: நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு செயலியிலும் ‘கணக்கை நீக்கு’ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அழுத்திவிடாதீர்கள்! கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.