தெருமுனைக் கடையும் நம் கடமையும்

அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யும்படி திருக்குர்ஆன் (4:36) கட்டளையிடுகிறது. தெருமுனைக் கடைக்காரரும் நம் அண்டையாரே!

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, மீன்பிடித் தொழில் முடங்கியது. இத்தகைய நாட்களில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி, பருப்பு தருபவர் சிறு கடைக்காரரே. கையில் ரொக்கம் வந்ததும் நாம் செல்வதோ பெரிய அங்காடிக்கு! இது முறையா?

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் யூதர் ஒருவரிடம் கவசத்தை அடகு வைத்து, கடனுக்கு உணவுப்பொருள் வாங்கினார்கள். ஆகவே கடைக்காரர் எம்மதத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்றும் எச்சரித்தார்கள்.

கடைக்காரர் நிறுவையில் குறை வைக்கலாகாது (83:1-3). நாமோ முதலில் பாக்கியைத் தீர்ப்போம். பின்பு ரொக்கத்துக்கும் அவரிடமே வாங்குவோம். அக்கடை நிலைத்தால்தான் நாளை மற்றோர் ஏழையின் அடுப்பு எரியும். அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.