மாடித்தோட்டத்துப் பூவை உற்றுப் பாருங்கள்

ஹைதராபாத்தில் மாடியில் காய்கறி வளர்ப்பவர்கள், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் அதே சின்ன லென்ஸ்தான். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை நெருங்குங்கள்; தள்ளிப் பிடித்தால் மங்கலாகத்தான் தெரியும்.

பூசணிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் மலரும். வெண்டைப்பூவுக்கு ஒரே நாள் ஆயுள்.

எனக்கு மிகவும் பிடித்தது கத்தரிப்பூ. ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் நுண்ணிய துளைகள். மகரந்தம் அவற்றின் வழியாகத்தான் கொட்டும். நீலவரித் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். கூடுகட்டித் தேன் சேர்க்கும் தேனீக்கு இது வராது. தெலங்கானாவின் மாநில மலரான ஆவாரம்பூவிலும் இதே ஏற்பாடுதான். தேனீ வராத மாடி என்றால், காலையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். சூல்முடி கூம்பைத் தாண்டி நீண்டிருந்தால் காய் பிடிக்கும். உள்ளே குட்டையாக ஒளிந்திருந்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அது இயல்புதான், பூ கொட்டுகிறதே என்று உடனே மருந்தடிக்க வேண்டாம்.

பதுக்கம்மா பண்டிகைக்குப் பூசணிப்பூ பறிக்கிறீர்களா? இதழுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, விட்டுவிடுங்கள். நீளக் காம்பில் நிற்கும் ஆண் பூவைப் பறிக்கலாம். மகரந்தம் சேர்க்க ஒன்றிரண்டு கொடியிலேயே இருக்கட்டும்.