உரிமம் இல்லாத நிரல் யாருக்கும் பயன்படாது

அன்புள்ள இளமதிக்கு,

நீ எழுதிய எழுத்துப்பிழைத் திருத்தியின் மூலநிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்திருக்கிறாய். நல்ல காரியம். ஆனால் அதில் உரிமக் கோப்பு இல்லை. உரிமம் இல்லையென்றால் தடையும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் நேர்மாறானது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. நீ எழுதியது உனக்கே சொந்தம். நீ அனுமதி தராதவரை பிறர் அதை மாற்றி வெளியிட முடியாது.

முதலில் ஒன்றை முடிவு செய். உன் நிரலை ஒரு நிறுவனம் எடுத்து, மூலநிரலைக் காட்டாமல் விற்றால் உனக்குச் சம்மதமா? சம்மதமில்லை என்றால் ஜிபிஎல் உரிமத்தைப் பார். அதன்படி, நிரலை மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் தரவேண்டும். சம்மதம் என்றால் மட்டுமே எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமங்களின் பக்கம் வா.

அந்தச் சம்மதம் உண்மையானதாக இருக்கவேண்டும். ஆண்ட்ரூ டானன்பாம் உருவாக்கிய மினிக்ஸ் இயங்குதளம் பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது. இன்டெல் தன் செயலிகளுக்குள் இருக்கும் நிர்வாகப் பொறி என்ற பகுதியில் அதைப் பயன்படுத்தியது 2017இல்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் இன்டெலுக்குத் திறந்த மடல் எழுதினார். சொல்லவேண்டிய கட்டாயம் உரிமத்தில் இல்லை, மரியாதைக்காவது சொல்லியிருக்கலாம் என்பதே அவர் குறிப்பிட்டது. தளர்வான உரிமத்தில் கொடுப்பவர் நன்றியையும் எதிர்பார்க்க முடியாது.

இனி, மூன்றில் எது? எம்ஐடி உரிமம் மிகச் சிறியது. பதிப்புரிமை அறிவிப்பையும் அனுமதி வாசகத்தையும் நீக்காதே, நிரலால் கேடு வந்தால் என்னைப் பொறுப்பாக்காதே, அவ்வளவுதான். மூன்று நிபந்தனை கொண்ட பிஎஸ்டி, உன் அனுமதியின்றி உன் பெயரைச் சொல்லித் தங்கள் பொருளை விளம்பரப்படுத்தக்கூடாது என்பதையும் சேர்க்கிறது.

பழைய பிஎஸ்டியில் நான்காவது நிபந்தனை ஒன்றிருந்தது. மென்பொருளைக் குறிப்பிடும் விளம்பரங்களில் எல்லாம், அந்த உரிமத்தை எழுதிய பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு நன்றி அச்சிடவேண்டும். மற்றவர்களும் அதில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள, 1997ஆம் ஆண்டு நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில் அப்படி 75 வாசகங்கள் சேர்ந்திருந்ததாக ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். 1999இல் பெர்க்லி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. ஆகவே சொந்தமாக ஒரு வரியும் சேர்க்காதே. பலரும் அறிந்த உரிமத்தை அப்படியே எடுத்துக்கொள்.

2004இல் வந்த அப்பாச்சி 2.0 நீளமானது, அதற்குக் காரணம் உண்டு. நிரலுக்குள் இருக்கும் உத்திக்கு ஒருவர் பேட்டன்ட் வைத்திருந்தால், நிரலைப் பயன்படுத்துபவர்மீது பிறகு வழக்குப் போடமுடியும். அப்பாச்சியில், நிரல் தருபவர் தன் பங்களிப்புக்குரிய பேட்டன்ட் அனுமதியையும் சேர்த்தே தருகிறார். அந்த நிரலே பேட்டன்டை மீறுகிறது என்று வழக்குத் தொடுப்பவர் தனக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதியை இழப்பார். எம்ஐடியில் பேட்டன்ட் என்ற பேச்சே இல்லை. அதேசமயம், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பை மட்டும் ஏற்கும் நிரலோடு அப்பாச்சி 2.0 ஒத்துப்போகாது, மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும்.

உன்னுடையது ஒருவர் எழுதிய சிறு நிரல். எம்ஐடி போதும். நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் பங்களிக்கும் பெரிய திட்டமாக வளரும் என்று நம்பினால் அப்பாச்சியைத் தேர்ந்தெடு. எதுவானாலும் இந்த வாரமே செய். பத்துப் பேரின் நிரல் உள்ளே வந்துவிட்டால், பிறகு உரிமத்தை மாற்ற அவர்களிடமும் சம்மதம் கேட்கவேண்டிவரும். நீ பயன்படுத்தும் சொற்பட்டியல் எந்த உரிமத்தில் வந்தது என்பதையும் பார்த்துவிடு. பிறருடையதை உன் விருப்பப்படி கொடுத்துவிட உனக்கு உரிமையில்லை.

அன்புடன்,
சித்தப்பா