பழைய புல்லட் வாங்குமுன்

பழைய புல்லட்டின் ஓசைக்கு மயங்காதார் அரியர், நாமும் விதிவிலக்கல்லோம். வலக்காலில் கியர், இடக்காலில் பின்பிரேக் என்னும் அதன் பழைய அமைப்பு சில நாள்களில் பழகிவிடும். பதிவுச் சான்றிதழைப் படிக்கத்தான் பொறுமை வேண்டும்.

முதல் உரிமையாளர் கடனை என்றோ அடைத்திருப்பார். ஆயினும், கடன் குறிப்பை நீக்காதிருந்தால் வங்கியின் பெயர் சான்றிதழில் நிலைத்திருக்கும். அவ்வங்கியின் இசைவின்றி வண்டி நம் பெயருக்கு மாறாது. வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-ஐ விற்பவரே பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்துக் குறிப்பை நீக்கட்டும். முழுத்தொகையை அதன்பின் தருவோம். மைசூர், திருவாங்கூர் ஸ்டேட் வங்கிகளின் பெயர் இருந்தால் திகைக்க வேண்டா. அவை 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தன, அங்கே கேட்கலாம்.

பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கொருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். 50 ஆண்டு கடந்ததை 'விண்டேஜ்' எனப் பதிந்தால், அன்றாடம் அலுவலகத்திற்கு ஓட்டிச் செல்லல் ஆகாது.