மனைவி, பிள்ளைகளுக்கு எச்-4 விசா: சித்தூர், திருப்பதி குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

கணவர் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறாரா? நேர்காணலுக்குச் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ கிளம்பும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

● திருமணச் சான்று: கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் போதாது. பதிவுத் திருமணச் சான்றிதழை வாங்கி வையுங்கள். கல்யாண ஆல்பமும் துணைக்கு இருக்கட்டும்.

● பிறப்புச் சான்று: பிள்ளையின் பெயரோடு தாய், தந்தை இருவர் பெயரும் இருக்க வேண்டும். தெலுங்கில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

● பெயர்: அப்பா பாஸ்போர்ட்டில் 'வெங்கடேசன்', பிள்ளையின் சான்றில் 'வெங்கடேஷ்' என்றிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

● மாவட்டம்: 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமானது. பழைய சான்றில் பிறந்த இடம் 'சித்தூர் மாவட்டம்' என்றிருந்தால் பதற வேண்டாம். சான்றில் உள்ளபடியே எழுதுங்கள். இப்போதைய முகவரியில் மட்டும் புதிய மாவட்டம் வரட்டும்.

● பாஸ்போர்ட்: சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுதான் செல்லும், தேதியைப் பாருங்கள். புதிதாக எடுக்க திருப்பதியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் உண்டு. தந்தை வெளிநாட்டில் இருந்தால், அவருடைய சம்மதப் பத்திரத்தில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

● விண்ணப்பம்: ஆளுக்கு ஒரு டிஎஸ்-160 படிவம், கைக்குழந்தைக்கும் தனியாக. கணவரின் ஐ-797 (எச்-1பி ஒப்புதல் அறிவிப்பு) நகலையும் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

● வயது: 21 நிறையாத, மணமாகாத பிள்ளைகளுக்கு மட்டுமே எச்-4 கிடைக்கும். மூத்த பிள்ளை அந்த வயதை நெருங்கினால் தள்ளிப்போடாதீர்கள்.

● ஏஜென்ட்: படிவம் நிரப்ப உதவி கேளுங்கள், ஆனால் விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டையும் அசல் சான்றிதழ்களையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.