வயிற்றுக்குள் போகும் கேமராவுக்குப் பரீட்சை

கேள்வி: லேப்டாப்பில் செருகினாலே வேலை செய்யும் கையடக்க லேப்ராஸ்கோப் கேமராக்கள் வருகின்றனவாமே! நோயாளிக்குப் பயன்படுத்துமுன் எப்படிச் சோதிக்கிறார்கள்?

பதில்: அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'கீஸ்கோப்' அந்த ரகம்தான். கேமராவும் எல்.இ.டி. விளக்கும் குழாயின் நுனியிலேயே இருப்பதால் விலையுயர்ந்த ஒளிப்பெட்டி தேவையில்லை.

முதல் சோதனை மேஜையில். வரவர நெருங்கும் கோடுகள் கொண்ட அட்டையைப் படம்பிடித்து, கோடுகள் எங்கே ஒன்றாகக் கலக்கின்றன என்று பார்ப்பார்கள். வண்ண அட்டையும் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். நிறம் பிசகினால் எது ரத்தம், எது பித்தம் என்றே குழப்பம் வரும்.

படம் தாமதிக்கிறதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. ஓடும் ஸ்டாப்வாட்ச்சைக் கேமராவில் காட்டி, ஸ்டாப்வாட்ச்சையும் திரையையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தால் போதும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே தாமதம்.

குளிர்ந்த அறையிலிருந்து 37 டிகிரி ஈரச்சூட்டுக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படிகிறதா, நுனி குடலைச் சுடுமளவு சூடாகிறதா, மின்கசிவு உண்டா என்பதும் பரிசோதிக்கப்படும். 134 டிகிரி நீராவியைத் தாங்காத கேமராவைக் கிருமிநாசினியில் ஊறவைப்பார்கள். பலமுறை ஊறவைத்து எடுத்தபின் அதே கோட்டு அட்டையை மறுபடி காட்டவேண்டும். மலிவுக் கேமராக்களின் சாயம் வெளுப்பது பெரும்பாலும் இங்கேதான்!

அதன்பிறகே அறுவை மருத்துவர்கள் பயிற்சிப் பெட்டிக்குள் ரப்பர் வளையங்களை முளைக்கு முளை மாற்றி, பழைய கருவியோடு நேரத்தையும் தவறுகளையும் ஒப்பிடுவார்கள். அடுத்து பன்றிகள். மனிதர்களிடம் போக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.